நான்காவது ஆள்

"மோட்டார், சென்சார் எல்லாம் நல்லா விளக்குனீங்க. ஆனா குரூப்ல நாலு பேரும் பேசணும். பேசாதவங்களுக்கு மார்க் கிடையாதுன்னு முதல்லயே சொன்னேன்ல? நாலாவது ஆள் எங்கே?" என்று கேட்டார் பேராசிரியை.

"வீட்ல இருந்து பேசறேன்னு சொன்னா மேடம்."

குழுவில் ஒரு மாணவி வீடியோ காலைத் திரையில் போட்டாள். சன்னல் வெயில் மேலே படர, நான்காமவள் கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்கறாளா? அப்ப பூஜ்யம்தான்!"

பேராசிரியை பேனாவைத் திறந்தபோது, திரையில் குழந்தை சிணுங்கும் குரல் கேட்டது. கட்டிலருகே, அவர்கள் நால்வரும் செய்த தொட்டில் தானாகவே மெல்ல ஆடத் தொடங்கியது. சிணுங்கல் அடங்கியது. தாய் அசையவே இல்லை.

"குழந்தை பொறந்து இருபது நாளாச்சு மேடம். இன்னிக்குத்தான் கண்ணசந்திருக்கா. எழுப்பட்டுமா?"

"உஷ்!" என்ற பேராசிரியை, அவள் பெயருக்கு நேரே முழு மதிப்பெண் போட்டார்.

மணி அடித்த பிறகும் யாரும் எழவில்லை. வகுப்பே அந்தத் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.