விட்டுப்போகும் துடிப்பு

கண் விழித்ததும் தையல்காரரின் கை தானாக நீண்டது. மனைவி அவர் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னைக்கும் நடுநடுவுல விட்டுப்போகுதுங்க.”

அவருக்கு அலுத்துவிட்டது. தாறுமாறாக அடித்த இதயத்துக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார் டாக்டர். இவள் விரல்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா.”

“உங்களுக்கு எப்பதான் எது தெரிஞ்சிருக்கு? கிளம்புங்க.”

மருத்துவமனைப் படியேறும்போது இரண்டு இடத்தில் நிறுத்தினாள். “உங்களுக்கு மூச்சு வாங்கும், உட்காருங்க” என்று சொல்லி, அவர் உட்காரும் முன்பே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் மூன்றாவது தடவையாக ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். “ஐயா, உங்க தையல் மாதிரியே சீரா ஓடுது.”

“அப்போ தினமும் நான் எண்ணுறது பொய்யா டாக்டர்?” என்றாள் மனைவி.

“எப்படி எண்ணுறீங்க? செஞ்சு காட்டுங்கம்மா.”

கணவரின் கையைப் பிடித்துக் காட்டினாள். டாக்டர் அவள் விரலையே பார்த்தார். பிறகு அவள் கையை வாங்கி, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, ஒரு நிமிடம் எண்ணினார்.

“அந்தப் படுக்கையில படுங்க.”

பழக்கதோஷத்தில் தையல்காரர் சட்டைப் பித்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

“நீங்க இல்லைங்க ஐயா, அம்மாவைச் சொன்னேன். கட்டைவிரலுக்கும் சொந்தமா ஒரு நாடி உண்டு. இத்தனை நாளா அவங்க எண்ணினது அவங்க துடிப்பை.”

நாற்பது வருஷம் பித்தான் தைத்த கை, கழற்றியதைத் திரும்பப் போடக் காஜாத் துளை தெரியாமல் தடுமாறியது.