ஊர் சுற்றும் வலி

முதுகு பொய் சொல்லாது. அப்படியானால் இங்கே பொய் சொல்வது யார்?

மேசையில் குப்புறப் படுத்திருந்தவளின் முதுகில் விரல்களை ஓட்டியபடி டாக்டர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமல் கையாலேயே முதுகெலும்பைச் சீராக்கும் கைரோபிராக்டிக் அவள் தொழில். பதினெட்டு வருடப் பழக்கத்தில், வருகிறவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அவர்கள் முதுகு அவளிடம் பேசிவிடும். எந்தத் தோளில் பை மாட்டுகிறார்கள், எந்தக் காதில் ஃபோனை இடுக்கிக்கொள்கிறார்கள், எல்லாம். வீட்டில் பேச ஆளில்லாத குறையை அந்த முதுகுகள்தான் தீர்த்துவைத்தன. இந்த முதுகு மட்டும் நான்கு வாரமாக ஒரே பாட்டைப் பாடுகிறது: எனக்கு ஒன்றுமில்லை.

"இங்க வலிக்குதா?"

"வலிக்கணுமா டாக்டர்?"

விரல் நின்றது. "வலிச்சா சொல்லுங்க. வலிக்கலேன்னா அதையும் சொல்லுங்க."

"அப்போ... கொஞ்சம் வலிக்குது."

வந்தவள் நீச்சல் டீச்சர். குளத்திலிருந்து நேராக வருவாள். கூந்தலில் குளோரின் வாசனை இருக்கும். முதல் வாரம் வலது தோள். கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை என்றாள். ஆனால் உச்சந்தலையில் இறுக்கிக் கட்டிய கொண்டையோடுதான் வந்திருந்தாள். அடுத்த வாரம் இடுப்பில் இடது பக்கம். அதற்கடுத்த வாரம் படி இறங்கும்போது முழங்கால். இன்று கழுத்து.

"மேடம், உங்க ஊர் சுத்துற வலி வந்திருக்கு" என்று சொல்லித்தான் வரவேற்பில் இருக்கும் பெண் அவளை உள்ளே அனுப்பினாள். கூடவே குரலைத் தாழ்த்தி, "போன வாரம் நீங்க கை வெச்ச இடத்தையெல்லாம் வெளிய உக்காந்து நோட்டுல படம் போட்டுக்கிட்டிருந்தாங்க. பாத்துக்கோங்க, அடுத்த தெருவுல போர்டு மாட்டிடப் போறாங்க."

அப்போது சிரித்த டாக்டருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. படுத்திருந்தவள் கண்ணை மூடவே இல்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, சுவர்க் கண்ணாடியில் டாக்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. ஒண்ணு, ரெண்டு, மூணு.

"எழுந்து உக்காருங்க. உங்களுக்கு வலி கிடையாது. வலி யாருக்கு?"

நீச்சல் டீச்சர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "வீட்டுக்காரருக்கு."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கூட்டிட்டு வாங்கன்னு சொல்வீங்க. வரமாட்டார் டாக்டர். ஒருநாள் இந்த வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்தேன். போர்டைப் பாத்தார், அப்படியே திரும்பி நடந்துட்டார். அதான், நீங்க எனக்குப் பண்றதை வீட்ல போய் அவருக்குப் பண்றேன். தோள் இப்போ தேவலைன்னார்."

"ஆம்பளைங்களுக்கு ‘மடக்’னு சத்தம் கேக்கும்னாலே பயம்." டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வழியாகக் குழப்பம் தீர்ந்தது. "கழுத்து காலையில எழுந்திருக்கும்போது பிடிச்சுக்குதா?"

"ஆமா. யாராவது கூப்பிட்டா முழு உடம்போட திரும்புறார், அலமாரி மாதிரி."

"எப்படிப் படுப்பார்?"

"குப்புற. ரெண்டு தலகாணி போட்டு, வலது கையை அதுக்கு அடியில விட்டுக்கிட்டு."

டாக்டர் மடித்துக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது. "தூக்கத்துல பல்லைக் கடிப்பாரா?"

"கடிப்பார். அது எப்படி உங்களுக்கு..."

"சிலர் கடிப்பாங்க."

தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது அவளுக்கு. தலைவலி போய்த் திருகுவலி வந்தாற்போல், தீர்ந்த குழப்பம் வேறு முகத்தோடு திரும்பிவந்து அறை நடுவில் நின்றது.

நீச்சல் டீச்சர் மல்லாந்து படுத்துத் தலையை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்தாள். "கழுத்தை மட்டும் ஒரு தடவை திருப்பிக் காட்டுங்க டாக்டர். நான் மெதுவாத்தான் செய்வேன். அவர் படுற பாட்டைப் பாக்க முடியல."

டாக்டர் அந்தத் தலையை இரு கைகளிலும் ஏந்தினாள். ஒரே ஒரு திருப்பு. இவள் அப்படியே கற்றுக்கொண்டு போய்விடுவாள். தண்ணீரைத் தள்ளித் தள்ளி உரமேறிய கைகள் இன்றைக்கே ஒரு கழுத்தைத் திருப்பும். ஒரு நூல் பிசகினால் அந்தக் கழுத்து என்ன ஆகும் என்று இவளுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும்.

அவள் கட்டைவிரல்கள் காதுக்குக் கீழே திருப்ப வேண்டிய இடத்தைத் தாமாகவே போய்த் தொட்டன. பிறகு தலையை மெல்ல மேசையில் இறக்கிவைத்தாள்.

"மாட்டேன். கழுத்து பாத்துப் பழகுற இடம் இல்ல. நீங்களும் இனிமே கை வைக்காதீங்க. வேற ஒரு டாக்டர் பேர் எழுதித் தர்றேன். அங்க வருவார்."

"அப்போ நீங்களே ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாத்துட்டு..."

"இல்லம்மா."

பாதியில் நின்ற துண்டை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தாள். "அந்த ரெண்டு தலகாணியையும் எடுத்துட்டு, இது மாதிரி ஒண்ணை வைங்க. மல்லாந்து படுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஒருவேளை கேப்பார். பதினோரு வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு நான் சொன்னேன், கேக்கல."