இரண்டு கிராம் துணுக்கு

1979 ஆவணியில் மாத்தளைக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. நுஹ்மான் நானாவின் கடையில் அபூர்வக் கற்களை இனங்கண்டு, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விவரம் எழுதும் வேலையில் மஸீஹா அப்போதுதான் சேர்ந்திருந்தாள். முதல் விவரம் பிழையானால் வேலை இல்லை என்பது பேச்சு.

நெற்கதிர்க் கட்டுப்போல விரிந்த அந்தக் கல் ஸ்டில்பைட் என்றே அவளுக்குப் பட்டது. அந்த இனக் கல் சூடு பட்டால் தன் நீரை விட்டு எடை குறையும் என்று மாலை வகுப்பில் படித்திருந்தாள். இரண்டு கிராம் துணுக்கைக் கண்ணாடிக் குழாயில் இட்டுச் சூடாக்கினாள். ஏழெட்டுத் துளி வரவேண்டும். குழாய் வாயில் வைத்த கோப்பை நிறைந்தது. துணுக்கை நிறுத்தாள், இரண்டு கிராம். தராசைத் துடைத்து மறுபடி செய்தாள். இம்முறை தேத்தண்ணிக் கேத்தல் நிறைந்தது. அதே இரண்டு கிராம்.

"நானா, எங்கேயோ பிழை விட்டுட்டேன்."

நானா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "டவுன் குழாய் ஒரு மாசமா தராததை உங்க கல்லு தருது, தங்கச்சி. கண்டதை அப்படியே எழுதுங்க. நான் தேத்தண்ணி போடுறேன்."

"நீர்: இதுவரை ஒரு கோப்பை, ஒரு கேத்தல்" என்று எழுதி, கல்லையும் துணுக்கையும் ஜெர்மனிக்கு அனுப்பினாள்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. நானா உரக்க வாசித்தார்: "விவரம் மிகச் சரி. துணுக்கின் தண்ணீரில் எங்கள் ரோஜாக்கள் பூத்துவிட்டன. இனி எல்லாக் கற்களுக்கும் இவரே எழுதட்டும்."

மஸீஹா சிரித்துவிட்டாள். அணைந்த அடுப்பின் மேல், வெறும் கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு துளி கேத்தலுக்குள் விழுந்தது. நானா தேயிலைப் பேணியைத் திறந்தார்.