ஒரு ஜோடி அதிகம்

வால்வில் வைத்த கையை அவர் எடுத்துக்கொண்டார்.

கன்டெய்னர் கதவோரம் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

கதவு சாத்தியாகிவிட்டது. இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மஞ்சள் கயிறு கட்டி, மண்டையோட்டுப் படமும் தொங்கவிட்டாயிற்று. சிலிண்டரின் குழாய் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. வால்வைக் கால் திருகு திருகினால் போதும். உள்ளே வண்டு, புழு, முட்டை எதுவும் மிஞ்சாது.

மனிதனும்தான். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது. மூச்சு விடுகிறவனுக்கு வந்ததே தெரியாது.

கானாவிலிருந்து வந்த தேக்குத் தடிகள். வாயு அடிக்காமல் தூத்துக்குடியை விட்டு வெளியே போக முடியாது. பதினெட்டு வருஷமாக அதுதான் அவர் வேலை.

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்று அவரிடம் உண்டு. அவர் தலையை எண்ண மாட்டார். செருப்பைத்தான் எண்ணுவார். ஈரத் தடியில் செருப்பு வழுக்கும் என்று சுமைக்காரர்கள் அதைக் கதவோரம் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். இறங்கியதும் மாட்டிக்கொள்வார்கள். கதவோரம் காலியானால் உள்ளே ஆள் இல்லை.

இன்றைக்குக் காலியாகவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மூன்று பேர் நின்றார்கள்.

ஏறியது நான்கு பேர்.



“கொம்பையா, சிலுவை எங்க?”

மேஸ்திரி கொம்பையா சுற்றுமுற்றும் பார்த்தார். “இங்கனதான் சார் நின்னான்.”

கூப்பிட்டார்கள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

கதவைத் திறக்கச் சொல்லலாம். அங்கேதான் சிக்கல். போன மாதம் இப்படித்தான் உள்ளே என்னவோ சத்தம் கேட்கிறது என்று, பூச்சி பார்க்கும் அதிகாரி கையெழுத்துப் போட்டு மூடிய கதவை இவர் அடம்பிடித்துத் திறந்தார். ஒரு பூனை வெளியே வந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிதானமாக நடந்து போயிற்று. அன்றிலிருந்து யார்டு முழுக்க அவர் பூனை சார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வீணாகத் திறந்தால் லைசென்ஸை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

அது போனால் ஐம்பத்திரண்டு வயதில் வேறு வேலை யார் தருவார்கள்?

போகட்டும். சிலுவையை விடவா?

அவர் நகத்தால் டேப்பின் நுனியைக் கிள்ளியபோது, லாரிக்குப் பின்னாலிருந்து லுங்கியைச் சரிசெய்தபடி சிலுவை வந்தான்.

“எங்கல போன?” என்று கத்தினார். கோபத்தில் ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது.

“ஒண்ணுக்குப் போனேன் சார்.”

கூட்டத்தில் ஒருவன் மெதுவாக, “மியாவ்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைத்துக்கொண்டே வால்வுக்குத் திரும்பினார்.

கை பாதி வழியில் நின்றது.

சிலுவையின் காலில் செருப்பு இருந்தது. நான்கு பேர் காலிலும் இருந்தது.

“அப்ப இது யாருது?”

“நம்மது இல்ல சார்,” என்றார் கொம்பையா. “அதிகாரி பாக்கணும்னு தடிய எறக்குனோம்லா, அப்ப உள்ள இருந்துச்சு. ரெண்டாவது வரிசைக்கு மேல. சோடியா, கழட்டி வச்ச மாதிரி. நாந்தான் எடுத்து வெளிய வச்சேன்.”

அவர் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார்.

லாரி டயரில் வெட்டிய செருப்பு. அறுந்த வாரைச் செம்புக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். பெருவிரல் பட்டுப் பட்டு அந்த இடம் குழிந்திருந்தது.

இறக்கிப் பார்த்தது முன்வரிசையில் எட்டுத் தடிகளை மட்டும். அதற்குப் பின்னால் கடைசிவரை தடி. மேலே, கூரைக்கும் தடிக்கும் நடுவில், ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இருட்டு. காலையில் கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. மரம் புளித்திருக்கும் என்றார் அதிகாரி. எலி செத்திருக்கும் என்றான் சிலுவை. மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையை முடித்தார்கள்.

தடி ஏற்றுகிறவன் செருப்பை வெளியே விடுவான். எந்த ஊரிலும் அப்படித்தான் விடுவான்.

இது உள்ளே இருந்திருக்கிறது.

“கப்பலேறி ஒண்ணர மாசம் ஆச்சே சார்...”

என்று இழுத்தார் கொம்பையா.

உண்மைதான். இனிமேல் யாரைக் காப்பாற்ற? வால்வைத் திருகினால் இன்றைய வேலை முடிந்தது. நாளை மறுநாள் செங்கோட்டை மில்லில் எவனாவது தடியை இறக்கிப் பார்த்துக்கொள்வான். திறந்து, உள்ளே வெறும் எலிதான் என்றால், அவர் கதை இன்றோடு சரி.

வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. தூரத்தில் ஒரு கிரேன் ஓயாமல் மணியடித்துக்கொண்டிருந்தது.

அவர் செருப்பை இருந்த இடத்திலேயே வைத்தார், ஜோடி பிரியாமல். குழாயை உருவினார். சிலிண்டர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு டேப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

இந்தத் தடவை யாரும் மியாவ் சொல்லவில்லை.

கயிற்றைத் தாண்டி முதலில் வந்தது கொம்பையா. தன் செருப்பைக் கழற்றி, டயர் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார். அடுத்தது சிலுவை. பிறகு மற்ற இருவரும்.

பழக்கதோஷம், அவர் செருப்பை எண்ணினார்.

ஐந்து பேர்.