தண்ணி உள்ள போன வழி

"படகுச் சாவியை வச்சிட்டுக் கிளம்பு மணிவேல்"னேன்.

மணிவேல் நகரலை. "மொதலாளி, சத்தியமா நான் பாறையில இடிக்கலை."

"இடிக்காமத்தான் எண்ணெய்க்குள்ள தண்ணி பூந்துச்சா? யார் காதுல பூ சுத்துற?"

எனக்கு வயித்தெரிச்சல். நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலம் முடிச்ச கூட்டம் அப்படியே ஏரிக்குத்தான் வரும். தொண்ணூத்தெட்டுல என்கிட்ட இருந்தது ஒரே ஒரு மோட்டார் படகு. சென்னையில பழசா வாங்கினது. இன்ஜின் படகுக்குள்ள இருக்கும். பின்னாடி கால் மாதிரி ஒண்ணு தண்ணிக்குள்ள தொங்கும். பல்சக்கரம், தண்ணியைத் தள்ளுற விசிறி எல்லாம் அதுலதான். அந்தக் காலுக்குள்ள இருக்கிற எண்ணெயில தண்ணி கலந்து, படகு நடு ஏரியில முனகிக்கிட்டு நின்னுடுச்சு.

மணிவேல்தான் ஆறு வருஷமா அதை ஓட்டுறான். இந்த ஜில்லாவுல எனக்குத் தெரிஞ்சு வேற மோட்டார் படகு கிடையாது. நான் அனுப்பிட்டா அவனுக்கு வேற பொழைப்பும் கிடையாது. தெரிஞ்சுதான் சொன்னேன். கோவம் வந்தா நான் அப்படித்தான்.

டிக்கெட் கொடுக்கிற சரோஜா குறுக்க வந்தா. "கீழ்பென்னாத்தூர் மெக்கானிக் மண்ணாங்கட்டி அண்ணன் வந்து பார்க்கட்டும் மொதலாளி. அவர் சொல்றபடி செய்யுங்க."

அவரைக் கூப்பிடுறதுல எனக்கு அவ்வளவா இஷ்டமில்லை. ஆனா மறுத்துப் பேச முடியலை. பம்புசெட்டு, டிராக்டர், ரைஸ்மில்லு எதுவானாலும் சுத்துவட்டாரத்துக்கே அவர்தான். அவர் சொன்ன கோளாறு தப்பாப் போச்சுன்னு எவனும் சொன்னதில்லை.

"வரட்டும். இவன் யோக்கியதையை அவர் வாயாலயே கேளுங்க"ன்னேன்.

பதினோரு மணி பஸ்ல வந்தாரு. படகைக் கரையில ஏத்தி வச்சிருந்தோம். வந்ததும் படகை மூணு சுத்து சுத்தினாரு. அடியில இருந்த திருகைக் கழட்டினாரு. முதல்ல தண்ணி வந்துச்சு, அப்புறம் மோர் மாதிரி வெள்ளையா எண்ணெய்.

"பாத்தீங்களா?"ன்னு குதிச்சேன்.

"சைக்கிள் பம்பு இருக்குதுங்களா? கொஞ்சம் சோப்புத்தூளும் வேணும்."

எண்ணெயை வடிச்சு, விசிறியைக் கழட்டி வச்சு, அந்தக் கால் முழுக்க சோப்பு நுரையைப் பூசினாரு. திருகு ஓட்டையில குழாயைச் சொருகினாரு. மத்த ஓட்டையை அடைச்சுட்டுக் காத்தடிச்சாரு. எல்லாரும் குனிஞ்சு பார்த்தோம். ஒரு குமிழிகூட வரலை.

"பாறையில பட்டுக் கீறல் விட்டிருந்தா, காத்து அந்த வழியா வெளிய வந்து குமிழி கிளம்பியிருக்கும். கீறலே இல்லைங்க. இந்தப் புள்ள எங்கயும் இடிக்கலை."

மணிவேல் அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டான்.

நான் விடுவேனா? "அப்ப தண்ணி எப்படி உள்ள போச்சாம்?"

அவர் பம்பைக் கழட்டிட்டு, அந்தக் குழாயைத் தன் வாயில வச்சாரு. ஐயோ, நாத்தம் பிடிச்ச எண்ணெய்க் குழாய்! கம்முனு பாருங்கன்னு கையைக் காட்டிட்டு, மூச்சுப் பிடிச்சு உறிஞ்சினாரு.

விசிறி மாட்டுற தண்டைச் சுத்தி இருந்த நுரை மெல்ல உள்ள இழுத்துக்கிட்டுப் போச்சு. எங்க கண்ணு முன்னாடியே. இன்னொரு தடவை உறிஞ்சினாரு. மிச்சம் இருந்ததும் போயிடுச்சு. தண்ணி போன வழியை அந்த மனுஷன் நுரையை வச்சே காட்டிட்டாரு! எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

"அண்ணாமலையாரே!"ன்னு சரோஜா கன்னத்துல போட்டுக்கிட்டா.

தண்டுல இருந்த ரப்பர் சீல் ரெண்டையும் நெம்பி எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டினாரு.

"நெலத்துல ஓடுற மெஷினுக்கு எண்ணெய் வெளிய வராம இருந்தாப் போதும். இது தண்ணியில கிடக்கிறது. ஒரு சீல் உள்ள பார்த்து எண்ணெயைப் பிடிக்கணும். இன்னொண்ணு வெளிய பார்த்துத் தண்ணியைத் தடுக்கணும். இதுல ரெண்டுமே உள்ள பார்த்திருக்கு. மாட்டுனவன் பம்புசெட்டு நெனப்புல மாட்டிட்டான்."

சரோஜா முகம் மாறிடுச்சு. "அண்ணே... போன சித்திரையில வந்து அதை மாட்டுனதே நீங்கதானே?"

மண்ணாங்கட்டி அவளைப் பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.

"ஆமாம்மா, நான்தான். பழக்கதோஷம். மொதலாளி மேலயும் தப்பில்லை, இந்தப் புள்ள மேலயும் தப்பில்லை."

படகு தள்ள வந்த ஆளுங்க சிரிச்சாங்க. "இவ்வளவுதானா உங்க மண்ணாங்கட்டி?"ன்னான் ஒருத்தன். "நாளைக்கு எங்க மோட்டாரையும் இப்படித்தான் ஏரியில முக்குவாரு"ன்னான் இன்னொருத்தன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை. தண்ணியோரம் உட்கார்ந்து வாயைக் கொப்பளிச்சுக்கிட்டிருந்தாரு. முப்பது வருஷமா சம்பாதிச்ச பேரை ஒரு வார்த்தையில தூக்கிக் கொடுத்துட்டு, எப்படி இந்த மனுஷனால இப்படிச் சாதாரணமா உட்கார முடியுது?

"சிரிக்காதீங்கப்பா"ன்னேன். "சரோஜா, உன்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன். அண்ணன் இந்தப் படகைத் தொடுறதே இன்னிக்குத்தான். சீலை மாட்டுனது நான்தான். அதைச் சொன்னா ஒருத்தரும் ஏற மாட்டீங்கன்னுதான், அன்னிக்கு அவர் பேரைச் சொன்னேன்."