தோற்கடித்த பெட்டிக்கு ஒரு பொட்டு

பக்கவாதத்தில் முகிலனின் வலக்கை விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய கைப்பயிற்சி வீடியோ விளையாட்டில் அவர் தினமும் ஜெயித்தார். கட்டைவிரல் துளிகூட அசையாத நாளிலும் ஜெயித்தார். இந்தக் காலத்து விளையாட்டுகள் எல்லாமே அப்படித்தான். ஆடுகிறவரின் முகம் வாடுவதைக் கேமராவில் கண்டால் போதும், தாமாகவே விட்டுக்கொடுத்துவிடும்.

"எல்லாம் பொய்," என்று திரையை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனைவி யாழினி பழைய சாமான் கடைகளில் அலைந்து, கேசட் போடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். கடைக்காரர் சொன்னபடியே கேசட்டை வாயால் ஊதிச் செருகி, பொத்தான் பலகையை அவர் கைகளில் வைத்தாள். ஆறே நொடியில் முகிலனின் விமானம் பாறையில் மோதிச் சிதறியது.

"கொஞ்சங்கூட இரக்கமே இல்லையே இதுக்கு!" என்றவர், நான்கு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். "இன்னொரு தடவ போடு."

அதன்பிறகு தினமும் தோற்றார். ஒருநாள் மாலை அவர் குரல் சமையலறை வரைக்கும் கேட்டது.

"யாழினி! ரெண்டாவது ஸ்டேஜ்ல தோத்துட்டேன்!"

அடுப்பை அணைக்கவும் மறந்து ஓடிவந்தாள். முதல் ஸ்டேஜைத் தாண்டவேண்டுமானால், பாறை வரும்போதெல்லாம் வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தியாக வேண்டும். அழுத்தியிருக்கிறார்!

ஆயுத பூஜையன்று வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் யாழினி பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். அந்தப் பெட்டியருகே வந்ததும் முகிலன் குங்குமச் சிமிழைக் கேட்டு வாங்கினார்.

"இதுக்கு மட்டும் நான் வைக்கிறேன்."

வலது கட்டைவிரலாலேயே வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. யாழினி அதைத் திருத்தவில்லை.