கார்புரேட்டர் அடைப்பு

தட்சிணாமூர்த்தியின் பழைய ஸ்கூட்டர் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் நின்றுவிட்டது. அதை மெக்கானிக் ஹாஜாவின் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்த அவர் கையில் அரிவாள் இருந்தது.

"சீக்கிரம் பாருங்க பாய். என் தம்பி வாய்க்கால் மடைய அடைச்சிட்டான். நாத்தெல்லாம் காயுது. இன்னைக்கு அவன் கழுத்து இருக்காது."

"கூடப் பொறந்த தம்பியாச்சேங்க."

"வேலையப் பாருங்க."

ஹாஜா கார்புரேட்டரைக் கழற்றினார். எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் குட்டிப் பித்தளை ஜெட்டில் தூசி அடைத்திருந்தது. வாயில் வைத்து ஊதினார். பிறகு பேசாமல் கார்புரேட்டரை மாட்டினார்.

தட்சிணாமூர்த்தி இருபது முறை உதைத்தார். வண்டியைச் சாய்த்துப் பிடித்தும் உதைத்தார். கிளம்பவில்லை.

"என்னய்யா கோளாறு?"

ஹாஜா வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் அறை விழுந்தது. அடுத்த அறையில் உதடு கிழிந்தது. அப்போதும் அவர் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"ஊமையாடா நீ?"

வண்டியை எட்டி உதைத்துச் சாய்த்துவிட்டு, அரிவாளோடு நடந்தே கிளம்பினார் தட்சிணாமூர்த்தி. தம்பி வீடு நாலு கிலோமீட்டர்.

அவர் தலை மறைந்ததும் ஹாஜா உள்ளங்கையில் இரத்தத்தைத் துப்பினார். அதோடு ஜெட்டும் விழுந்தது.

அதைத் துடைத்து மாட்டினார். ஒரே உதையில் ஸ்கூட்டர் கிளம்பியது. ஆற்றுப் படுகைப் பாதை வழியாக, அவருக்கு முன்னால் தம்பி வீட்டுக்கு வண்டியை விரட்டினார்.